கிரவல் குழியை மூடும் திட்டம் மூன்றே பக்கம்: உரிமம் புதுப்பிக்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

வயற்கரை (தம்பலகாமம் பக்கம்)

எங்கள் ஊருக்கு மேற்கே, காட்டோரத்து மேட்டுக் காணியில், வீதிக்கும் அத்திவாரத்துக்கும் போடும் கிரவல் மண்ணைப் பல வருடமாக அகழ்கிறார்கள். ஊர்ப் பெயரையும் அகழ்கிறவரின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. பிரச்சினை ஆளோடு இல்லை, நிலத்தோடுதான். இப்போது உரிமத்தைப் புதுப்பிக்கவும் பக்கத்துக் காணிக்கு அகழ்வை நீட்டவும் விண்ணப்பம் போயிருக்கிறது. அதோடு ‘நில மீள்புனரமைப்புத் திட்டம்’ என்று ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் விவசாய சம்மேளனத்துக்கு அதன் பிரதி கிடைத்தது. மொத்தம் மூன்று பக்கம். முதல் பக்கத்தில் காணி விபரம். இரண்டாவதில் ஒரு வரைபடம், அளவுத்திட்டமே இல்லை. மூன்றாவதில் இருப்பது இவ்வளவுதான்: அகழ்வு முடிந்த பின் நிலம் சமப்படுத்தப்படும், மேல்மண் இடப்படும், பொருத்தமான மரக்கன்றுகள் நடப்படும்.

குழிக்குக் கீழே எங்கள் மானாவாரிக் குளம் இருக்கிறது. மாரி மழை தொடங்கியதும் குழித் தண்ணீர் செம்மண்ணை அள்ளிக்கொண்டு நேரே குளத்துக்குள் இறங்குகிறது. துருசடியில் (குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் மதகடியில்) படியும் மண்ணைப் பெரும்போகத்துக்கு முன் நாங்களே இறங்கி வெட்டி எடுக்கிறோம். வெட்டி முடித்த பழைய பகுதியில் சுவர் செங்குத்தாக அப்படியே நிற்கிறது. மாடுகள் விழுந்திருக்கின்றன. லீவு நாட்களில் பிள்ளைகள் அங்கே குளிக்கப் போகிறார்கள். அதுதான் எங்களுக்குப் பெரிய பயம்.

பிரதேச செயலகத்தில் இது பற்றி ஒரு கூட்டம் வைக்கப் போகிறார்கள். ‘குழியே வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு எழும்பி வரலாம், முன்பு அப்படித்தான் செய்தோம். உரிமம் கொடுபட்டுவிட்டது. இந்த முறை திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கப் போகிறோம். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய நிலவியலாளர் (உவர்மலை)

நல்ல முடிவு தம்பி. முதலில் சட்டத்தில் உங்களுக்கு எங்கே இடம் இருக்கிறது என்று பார்ப்போம்.

இலங்கையில் கனிமம் எல்லாம் அரசுக்குச் சொந்தம். உறுதிக் காணியாக இருந்தாலும் அடியில் இருக்கும் கிரவலை உரிமம் இல்லாமல் தோண்டி விற்க முடியாது. 1992-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்க சுரங்கங்கள் கனிப்பொருள்கள் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம் அந்த உரிமத்தைக் கொடுக்கிறது. அகழ்ந்த நிலத்தைத் திருத்திக் கொடுக்கும் பொறுப்பு உரிமம் எடுத்தவருடையது. அதற்காகத்தான் விண்ணப்பத்தோடு மீள்புனரமைப்புத் திட்டமும், பிணைப் பணமும் கேட்கிறார்கள். அவர் செய்யாமல் போனால் அந்தப் பணத்தில் வேலையைச் செய்விக்கலாம்.

ஆகவே அந்த மூன்று பக்கம் சும்மா ஒரு இணைப்பு இல்லை. பத்து வருடம் கழித்து யாராவது வழக்குப் போட்டால், அகழ்கிறவர் எதைச் செய்ய ஒப்புக்கொண்டார் என்பதற்கு இருக்கப் போகும் ஒரே சாட்சி அதுதான். ‘பொருத்தமான மரக்கன்று’ என்று எழுதியிருந்தால் நாலு வேப்பங்கன்றை நட்டுவிட்டு வேலை முடிந்தது என்று சொல்ல முடியும். எதை, எவ்வளவு, எங்கே, எப்போது, யார் செலவில் என்று எழுதாத வாக்கியம் ஒவ்வொன்றையும் கோடிட்டு வையுங்கள்.

இன்னொன்று. நம்முடைய பக்கத்துச் செங்கபில மண்ணில் கிரவல் படை அதிக ஆழத்தில் இருப்பதில்லை, தடிப்பும் குறைவு. அதனால் குழி ஆழமாகப் போகாமல் அகலமாகப் பரவும். கருங்கல் குவாரியில் கொஞ்ச இடத்தில் நிறையக் கல் வரும். கிரவலில் அதே அளவு பொருளுக்குப் பல ஏக்கர் தோலுரிந்து போகும். ஆகவே இங்கே எல்லாக் கேள்விக்கும் முதல் கேள்வி மேல்மண் எங்கே என்பதுதான்.


டிப்பர் நானா (கிண்ணியா)

நான் இருபது வருடத்துக்கு மேலாக மண், கிரவல் ஏற்றுகிறேன். சேர் மேல்மண்ணைப் பற்றிச் சொன்னது சரி. அதை உள்ளே நிற்கிறவன் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன்.

புதுக் காணி திறந்தால் முதலில் வெளியே போவது மேல்மண்தான். வளவு நிரப்ப, பூந்தோட்டம் வைக்க அதற்கு உடனே ஆள் இருக்கிறது. கிரவலை விட அது சில நேரம் லேசாக விலைபோகும். குழி வெட்டி முடிகிற நேரத்தில் திருப்பிப் போட அங்கே ஒரு கூடை மண்ணும் இராது. பிறகு ‘மேல்மண் இடப்படும்’ என்றால் எங்கிருந்து? வேறொரு காணியைச் சுரண்டித்தான் கொண்டு வர வேண்டும்.

ஆனால் ஒரு விஷயம். குழியே கூடாது என்று பேசுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வெள்ளத்தில் உடைந்த உள்வீதிகள், வயல் பாதைகள், அத்திவாரம் நிரப்புவது எல்லாம் இந்தக் கிரவலில்தான். எங்களைப் போல லீசிங் கட்டுகிற ஆட்கள் எத்தனை பேர். குழி இருக்கட்டும், ஒழுங்காக மூடட்டும். அதைத்தான் நானும் கேட்கிறேன்.


வயற்கரை

நன்றி நானா. சம்மேளனத்திலும் அதே கருத்துத்தான். எங்கள் வயல் பாதைக்கும் அந்தக் குழியிலிருந்துதான் கிரவல் வந்தது. மூட வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை, நிறுத்த வேண்டும் என்பது இல்லை. நீட்டிக்கக் கேட்கிற புதுத் துண்டு மட்டும் வேறு கதை, அது குளத்தின் நீரேந்துப் பரப்புக்குள் வருகிறது.

சேர், மேல்மண் அளவைக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? ‘நிறைய’ என்று சொன்னால் யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள்.


பழைய நிலவியலாளர்

கணக்கு எளிது. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீற்றர். மேல்மண் 30 சென்ரிமீற்றர் என்று வைத்தால் ஏறத்தாழ 1,214 கன மீற்றர். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். ஆகவே ஒரு ஏக்கருக்குச் சுமார் 430 கியூப். 3 கியூப் ஏற்றும் டிப்பர் என்றால் 140-க்கு மேல் லோட். இது ஒரு ஏக்கருக்கு மட்டும். உங்கள் குழி எத்தனை ஏக்கரோ அத்தனையால் பெருக்குங்கள். அவ்வளவு மண்ணை வெளியிலிருந்து விலைக்கு வாங்கி ஏற்றி இறக்க என்ன செலவு என்று நானாவே சொல்லுவார். அந்தத் தொகையைப் பிணைப் பணத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

திட்டத்தில் இருக்க வேண்டியது: வெட்டத் தொடங்கும் முன் மேல்மண்ணைத் தனியாக வழித்தெடுத்து, வரைபடத்தில் குறித்த இடத்தில் குவிக்க வேண்டும், காணியை விட்டு வெளியே போகக்கூடாது. குவியல் இரண்டு மீற்றருக்கு மேல் உயர்ந்தால் அடியில் காற்றுப் போகாமல் மண்ணின் உயிர் செத்துப் போகும். மேலே புல்லோ சணலோ விதைத்து வைத்தால் மழை அரிக்காது. குவியலைச் சுற்றிச் சின்ன வாய்க்கால். இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை, முன்கூட்டியே செய்தால்.

அடுத்தது சரிவு. செங்குத்துச் சுவரை அகழ்வு முடிந்த பிறகு சாய்ப்போம் என்பார்கள். 4 மீற்றர் உயரச் சுவரை ஒன்றுக்கு மூன்று என்ற சாய்வில் கொண்டுவர 12 மீற்றர் இடம் வேண்டும். எல்லைக் கல்லு வரைக்கும் வெட்டிவிட்டால் அந்த 12 மீற்றர் பக்கத்து வீட்டுக்காரனின் காணியில்தான் இருக்கும். இல்லாவிட்டால் வெட்டிய குழிக்குள் மண்ணைக் கொண்டு வந்து கொட்டிச் சாய்க்க வேண்டும், அந்த மண்ணும் இல்லை. ஆகவே எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் விட்டு வெட்டுகிறார் என்பது இன்றைக்கே முடிவாக வேண்டிய விஷயம். நான் வேலையில் இருந்த காலத்தில் பார்த்த குழிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்தில்தான் கெட்டுப் போயின.


ஆசிரியை (திருகோணமலை நகரம்)

குளத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்தில் மழை பெரும்பாலும் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். வருடம் முழுதும் விழுகிற தண்ணீரில் பெரும்பங்கு இந்தக் கொஞ்ச மாதத்தில். திறந்து கிடக்கிற கிரவல் நிலத்தில் விழுகிற மழையைப் பிடித்து வைக்க ஒரு புல்லும் இல்லை. அப்புறம் மே தொடங்கிக் கச்சான் வீசும்போது அதே நிலம் தூசியாக எழும்புகிறது. ஆகவே குழியிலிருந்து வெளியேறும் தண்ணீர் ஒரே ஒரு வாயால் போக வேண்டும், அந்த வாயில் வண்டல் படியும் குட்டை ஒன்று இருக்க வேண்டும், அதை ஒவ்வொரு மாரிக்கும் முன்பு துப்புரவாக்க வேண்டும். மூடும் காலத்துக்கு மட்டும் இல்லை, வெட்டுகிற காலத்துக்கும்.

சிறு குளங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2000-ஆம் ஆண்டின் 46-ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ், 200 ஏக்கர் வரை பாயும் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வருகின்றன. கூட்டத்துக்கு அந்தத் திணைக்களத்திலிருந்து ஒருவர் வருகிறாரா என்று முன்னரே கேளுங்கள். அவர் இல்லாமல் குளத்தைப் பற்றி எடுக்கிற முடிவு அரைகுறைதான்.


மூதூர்ப் பிள்ளை

எனக்கு ஒரு கேள்வி. ஏன் குழியை மூட வேண்டும்? அப்படியே விட்டால் மாரித் தண்ணீர் நிற்கும். கோடையில் மாட்டுக்குக் குடிக்கவாவது உதவும். மீன் குஞ்சும் விடலாம். எங்கள் பக்கத்தில் மாடு வளர்க்கிற ஆட்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். எல்லாரும் மரம் நடு, மரம் நடு என்றால் மாடு எங்கே போய்க் குடிக்கும்?


டிப்பர் நானா

தம்பி கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனி ஆடியில் நான் போகிற பாதையெல்லாம் மாடுகள் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும்.


பழைய நிலவியலாளர்

மூதூர்ப் பிள்ளை கேட்டதை ஒதுக்கக் கூடாது. குழியைக் குட்டையாக மாற்றுவது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட மீள்புனரமைப்பு முறைதான். ஆனால் விட்டுவிட்டுப் போவதும் குட்டையாக அமைத்துக் கொடுப்பதும் வேறு வேறு வேலை. குட்டை என்றால் ஒரு பக்கமாவது மாடு நடந்து இறங்கி ஏறக்கூடிய தட்டையான கரை வேண்டும். ஓரத்தில் பல மீற்றர் தூரம் ஆழம் குறைவாக இருக்க வேண்டும், தவறி இறங்கும் பிள்ளை கால் ஊன்றக் கூடியதாக. நிரம்பினால் வழிந்தோட ஒரு வான் வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கணக்கும் வேண்டும்.

தம்பலகாமத்துக் குழியில் இந்தக் கடைசிக் கணக்குத்தான் சிக்கல். அது குளத்துக்கு மேலே இருக்கிறது. குழி பிடித்து வைக்கிற ஒவ்வொரு கன மீற்றர் தண்ணீரும் குளத்துக்குப் போயிருக்க வேண்டியது. கிரவல் அடி தண்ணீரை உறிஞ்சும், கச்சான் காலத்து வெயில் மிச்சத்தைக் குடித்துவிடும். குழியிலும் இல்லை, குளத்திலும் இல்லை என்று ஆகலாம். மண் பரிசோதித்து, அடித்தளம் களியாக இருந்தால் ஒரு மூலையில் மட்டும் சின்னக் குட்டை வைத்து மிச்சத்தை மூடலாம். என் கருத்து அதுதான்.


சுகாதாரக் கண் (மூதூர்)

பொதுச் சுகாதாரத் துறையில் வேலை செய்கிறேன். குட்டை என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கைவிட்ட குழிகளில் தேங்கும் தண்ணீர் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் நுளம்புக்கு நல்ல இடம். மாணிக்கக் குழி, கல் உடைத்த குழி, ஆற்றுப் படுகைக் குட்டை எல்லாம் பல காலமாக அறியப்பட்ட பெருகுமிடங்கள். உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்று கொடுத்தது. ஆனால் நுளம்பு போகவில்லை. வெளிநாட்டிலிருந்து நோயோடு ஒருவர் வந்தால் பரவுவதற்கு வழி திறந்தே இருக்கிறது. டெங்கு நுளம்பு வேறு, அது பெரிய குட்டையை விடச் சின்னப் பாத்திரத்தைத்தான் தேடும். குழியடியில் எறிந்து கிடக்கும் டயர், எண்ணெய் வாளி, தொழிலாளர் கொட்டிலின் தண்ணீர்ப் பீப்பா. 2017 மார்ச்சில் கிண்ணியா பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் நாடு முழுதும் 1,86,000-க்கு மேல் டெங்கு நோயாளர்கள்.

ஆகவே திட்டத்தில் இரண்டு வரி கூட்டச் சொல்லுங்கள். மூடும்போது கொட்டில், டயர், இரும்பு எல்லாம் அகற்றப்பட வேண்டும். குட்டை வைத்தால் அதற்குப் பொறுப்பாக ஒரு அமைப்பு இருக்க வேண்டும், மீன் விடுவது உட்பட. பொறுப்பாளி இல்லாத குட்டையை நான் ஆதரிக்க மாட்டேன்.


சட்டம் படிப்பவள் (கந்தளாய்)

இரண்டு சட்டங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1980-ஆம் ஆண்டின் 47-ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988-இல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி சில வகைத் திட்டங்களுக்கு முன்கூட்டியே சுற்றாடல் அனுமதி வேண்டும். எவை என்று 1993 ஜூன் 24-ஆம் திகதிய வர்த்தமானி பட்டியல் போட்டது. மேற்பரப்பு அகழ்வு மொத்தம் 10 ஹெக்டேயரைத் தாண்டினால், அதாவது ஏறத்தாழ 25 ஏக்கர், அது பட்டியலுக்குள் வருகிறது. முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்பட்டால் பொதுமக்கள் 30 நாட்களுக்குள் கருத்துச் சொல்லலாம்.

கிரவல் குழிகள் பெரும்பாலும் இந்த அளவுக்குக் கீழே. ஆனால் வர்த்தமானி சொல்வது மொத்தப் பரப்பை. பழைய குழி, இப்போதைய குழி, நீட்டக் கேட்கிற துண்டு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். துண்டு துண்டாகப் போகும் விண்ணப்பத்தில் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டத்தில் அந்தக் கூட்டுத்தொகையை வாயால் சொல்லி, அறிக்கையில் பதியச் சொல்லுங்கள்.

எப்பாவலவில் பொஸ்பேற் அகழும் திட்டத்துக்கு எதிரான வழக்கையும் சொல்லலாம். எப்பாவலவைச் சேர்ந்த விவசாயிகள் உள்ளிட்ட சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள். 2000 ஜூன் மாதத் தீர்ப்பில், உரிய ஆய்வும் சுற்றாடல் அனுமதியும் இல்லாமல் அந்தத் திட்டத்தை முன்கொண்டு போக முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. வருங்காலத் தலைமுறையின் உரிமையையும் அதில் பேசியது. உங்கள் குழி அவ்வளவு பெரிய விஷயம் இல்லை என்றாலும், நிலத்தில் வாழ்கிறவனுக்குப் பேச உரிமை உண்டு என்பது இந்த நாட்டு நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

ஆவணம் எதுவும் தர மறுத்தால் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள், 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியது: முந்தைய உரிமத்தின் நிபந்தனைகள், அப்போது கொடுத்த மீள்புனரமைப்புத் திட்டம், பிணைப் பணத்தின் தொகை, கள மேற்பார்வை அறிக்கைகள். பழைய திட்டத்தில் என்ன சொன்னார், அதில் என்ன செய்தார் என்பதுதான் புதுப்பிப்புக் கூட்டத்தில் உங்கள் கையில் இருக்கும் பலமான ஆயுதம். பழையதைச் செய்யாதவருக்குப் புதுத் துண்டை ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம்.


ரொறன்ரோவிலிருந்து ஒருவன் (சொந்த ஊர் நிலாவெளி)

நான் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்திலும் கிரவல் குழிகள் நிறைய. 1990-ஆம் ஆண்டுக் கல், மணல், கிரவல் சட்டத்தின்படி, வெட்டிக்கொண்டிருக்கும்போதே முடிந்த பகுதியைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். கடைசியில் செய்வோம் என்று வைத்திருக்க முடியாது. எடுக்கும் தொன்னுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறார்கள். அதில் ஒரு பங்கு சட்டம் வரும் முன்பே கைவிட்ட, பொறுப்பாளி இல்லாத பழைய குழிகளைத் திருத்தப் போகிறது. ரொறன்ரோ நகரத்துக்குள்ளேயே டொன் பள்ளத்தாக்கில் செங்கல்லுக்குக் களி வெட்டிய பழைய குழி ஒன்று இன்று குளங்களும் புல்வெளியுமாக இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம்.

இங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை. குழிக்குப் பக்கத்து ஊர்கள் தண்ணீருக்காகவும் லொறிச் சத்தத்துக்காகவும் வருடக்கணக்கில் போராடுகின்றன. ஆனால் படிப்படியாகத் திருத்துவது என்ற நிபந்தனையை நீங்கள் கேட்டு வாங்கலாம். குழியை மூன்று நான்கு துண்டாகப் பிரித்து, முதல் துண்டை மூடிக் காட்டாமல் மூன்றாவது துண்டைத் திறக்கக்கூடாது என்று உரிமத்தில் எழுதினால் போதும். பெரிய காசும் தேவையில்லை, மண் வெட்டும் பெக்கோ மெஷின் அங்கேயே நிற்கிறது.


டிப்பர் நானா

இது நடக்கக்கூடிய விஷயம். பெக்கோவும் டிப்பரும் குழியில் நிற்கும்போது ஒரு நாளில் செய்கிற வேலையை, எல்லாம் போன பிறகு செய்யச் சொன்னால் மெஷின் ஏற்றி இறக்கும் கூலியே தனி. புதிதாகத் திறக்கும் இடத்து மேல்மண்ணை வழித்து நேரே மூடுகிற இடத்தில் போட்டால் குவிக்கவே தேவையில்லை, ஒரு தரம் தூக்கினால் போதும்.

இன்னொன்று, எனக்கு இதில் மனது கேட்கவில்லை. மூடுகிறோம் என்ற பெயரில் குப்பையைக் கொண்டு வந்து கொட்ட இடம் கொடுத்துவிடாதீர்கள். மண் இல்லாத குழிக்கு அதுதான் லேசான வழி என்று ஆட்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அம்பாறைப் பள்ளக்காட்டில் குப்பை மேட்டில் யானைகள் பொலித்தீனைத் தின்று செத்ததை எல்லாரும் பார்த்தோம். உங்கள் குழி காட்டோரம் என்கிறீர்கள். யானை வரும். கீழே குளம். குப்பைத் தண்ணீர் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.


பழைய நிலவியலாளர்

நானா சொன்னதை நிபந்தனையாக எழுத வேண்டும்: வெளியிலிருந்து கொண்டுவரும் நிரப்பு எதுவாக இருந்தாலும் சுத்தமான மண் மட்டுமே, கட்டடக் கழிவோ வீட்டுக் குப்பையோ கூடாது.

மரம் நடுவதைப் பற்றியும் சொல்லி முடிக்கிறேன். டிப்பர் ஓடிய குழித் தரை சீமெந்து போல இறுகியிருக்கும். அதன் மேல் மண்ணைப் பரப்பிக் கன்று நட்டால் வேர் இறங்காது. முதல் கச்சானிலேயே கன்று காய்ந்துவிடும். பெக்கோவின் பல்லால் அரை மீற்றர் ஆழத்துக்காவது சமவுயரக் கோட்டை ஒட்டிக் கீறிவிட்ட பிறகே மண் போட வேண்டும். நடுவது மாரி தொடங்கும்போது. முதலில் புல்லும் கிளிசரிடியா மாதிரி அவரை இனச் செடிகளும், சரிவுகளில் வெட்டிவேரும். மண் பிடித்த பிறகு வேம்பு, புளி. காணிக்காரர் வருமானம் கேட்டால் மரமுந்திரி நம் மண்ணுக்குத் தாங்கும். எத்தனை கன்று நட்டார் என்பதை விட, இரண்டு கோடை கழித்து எத்தனை உயிரோடு நிற்கிறது என்பதற்குத்தான் பிணைப் பணத்தின் கடைசித் தவணையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பிணைத் தொகையைக் கணக்கிடும்போது அகழ்கிறவரின் சொந்த மெஷின் செலவை வைக்காதீர்கள். அவர் போய்விட்டார், அரசு வேறொரு ஒப்பந்தக்காரரைக் கொண்டு செய்விக்கிறது என்று வைத்துக் கணக்கிட வேண்டும். மெஷின் கொண்டுவரும் கூலி, மேல்மண் விலை, சரிவு வெட்டும் மணித்தியாலங்கள், கன்று, இரண்டு கோடைக்குத் தண்ணீர், வேலி. பிணைப் பணம் மூடும் செலவை விடக் குறைவாக இருந்தால், விட்டுவிட்டுப் போவதுதான் அவருக்கு லாபம். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் கணக்கு அப்படித்தான் இழுக்கும்.


வயற்கரை

கூட்டம் முடிந்தது. விபரம் கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

கமநல அபிவிருத்தித் திணைக்களத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார், ஆசிரியை சொன்னபடி முன்கூட்டியே கடிதம் கொடுத்ததால். திட்டத்தில் கோடிட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் கேட்டோம். மேல்மண் கணக்கைச் சொன்னதும் அறை கொஞ்ச நேரம் அமைதியானது. குழியில் இப்போது மேல்மண் குவியல் எங்கே இருக்கிறது என்று ஒரு உத்தியோகத்தரே திரும்பிக் கேட்டார். பதில் வரவில்லை. அகழ்கிறவர் தரப்பில் வந்தவர் கோபப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அளவுத்திட்டத்தோடு புது வரைபடம், எல்லை விடுதூரம், வண்டல் குட்டை மூன்றையும் எழுதித் தர ஒப்புக்கொண்டார். பழைய பகுதியின் செங்குத்துச் சுவருக்கு மாரிக்கு முன் வேலி போடுவதாகவும் சொன்னார்.

ஒப்புக்கொள்ளாதது இரண்டு. துண்டு துண்டாக மூடிய பிறகே அடுத்ததைத் திறப்பது என்ற நிபந்தனை. மற்றது பிணைப் பணத்தைக் கூட்டுவது. இரண்டையும் கள மேற்பார்வைக்குப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள். புதுத் துண்டைப் பற்றிய முடிவும் அதுவரை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. மொத்தப் பரப்பைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று தங்கச்சி எழுதியது கூட்ட அறிக்கையில் பதிந்திருக்கிறது.


சட்டம் படிப்பவள்

நல்ல செய்தி அண்ணா. கூட்ட அறிக்கையின் பிரதியைக் கையொப்பத்தோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் ஒப்புக்கொண்ட மூன்றும் உரிமத்தின் நிபந்தனைகளுக்குள் வந்தால்தான் கட்டுப்படுத்தும், திட்டத்தில் மட்டும் இருந்தால் போதாது. தகவல் கோரிக்கையையும் இப்போதே போட்டுவிடுங்கள், கள மேற்பார்வைக்கு முன் பழைய நிபந்தனைகள் கையில் இருக்க வேண்டும்.


மூதூர்ப் பிள்ளை

மாட்டுக்கு ஒரு மூலையில் குட்டை என்று சேர் சொன்னதைக் கூட்டத்தில் கேட்டீர்களா அண்ணா?


வயற்கரை

கேட்டோம் தம்பி. அடி மண்ணைப் பார்த்த பிறகு சொல்வதாகச் சொன்னார்கள். கள மேற்பார்வை அன்று மாடு வளர்ப்பவர்களையும் கூட்டிப் போகிறோம்.


பழைய நிலவியலாளர்

மேற்பார்வைக்கு முன் நீங்களே ஒரு அளவு எடுத்து வையுங்கள். நீளமான நாடா ஒன்று, இரண்டு கம்பு, நீர்மட்டக் குழாய் ஒன்று போதும். சுவரின் உயரத்தை ஐந்தாறு இடத்தில், எல்லைக் கல்லிலிருந்து விளிம்புக்குள்ள தூரத்தை அதே இடங்களில். குழிக்குள் இறங்க வேண்டாம், விளிம்புக்கு மிகக் கிட்டவும் நிற்க வேண்டாம், சுவர் அடியில் குடைந்திருக்கலாம். காணிக்காரரின் அனுமதியோடு, பகலில், இரண்டு பேருக்குக் குறையாமல் போங்கள். அளவுகளை இங்கே போட்டால் சரிவுக்கும் மேல்மண்ணுக்கும் எவ்வளவு வேலை என்று நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். மணித்தியாலக் கூலியும் லோட் விலையும் நானா சொன்னால் பிணைத் தொகை எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி அவர்களிடம் கொடுக்கலாம்.


டிப்பர் நானா

இன்றைய விலையை எழுதித் தருகிறேன் சேர். பெக்கோ மணித்தியாலக் கூலி டீசலோடு, டீசல் இல்லாமல் இரண்டும்.